பிரகாசி கேட்டதும் நான் எழுதியதும்

ஏமாற்றத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகச் சொல்லலாம், எந்த வார்த்தையை எங்கே போட வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். அரைப் பக்கம் போதும் என்றார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து நான் எழுதியிருப்பது இது. கேட்டவர்களுக்கு இது உபயோகப்படுமா என்று தெரியவில்லை.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் முப்பத்தாறு வருடம் கடிதம் எழுதினேன். துறைமுகத்தில் வேலை என்று சொன்னால் ஊர்க்காரர்கள் கிரேனையும் சரக்கையும் நினைத்துக்கொண்டு என் புஜத்தைப் பார்ப்பார்கள். நான் தூக்கிய அதிகபட்ச பாரம் ஒரு பைல் கட்டு. மூட்டை நனைந்தால், எடை குறைந்தால், கப்பல் பிந்தினால் எங்காவது ஒருவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்துக்கு ஆங்கிலத்தில் மரியாதையாகப் பதில் எழுதுவது என் வேலை. அதோடு, எங்கள் கப்பல்கள் எந்தத் துறைக்கு எந்த நாள், எந்த நேரம் போய்ச் சேர்ந்தன என்று ஒரு பதிவேட்டில் குறித்து வைப்பதும் என் பொறுப்பு.

என் மனைவி செல்வம் இதை "வருத்தம் தெரிவிக்கிற உத்தியோகம்" என்பாள். சாம்பாரில் உப்புக் குறைந்து நான் முகம் சுளித்தால், "இது ரிக்ரெட்டா, டிஸப்பாயின்டடா? சொல்லிட்டுச் சாப்பிடுங்க" என்று கரண்டியோடு நிற்பாள். அவளுக்கு அந்த இரண்டு வார்த்தையும் என்னால்தான் தெரியும். எனக்கு அவை பாக்கியநாதன் சாரால் தெரியும்.

பாக்கியநாதன் சார் எங்கள் ஹெட் கிளார்க். ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் ஒரு சிவப்புப் பென்சில். நாங்கள் எழுதிக் கொண்டுபோகும் கடிதத்தை உடனே படிக்க மாட்டார். மேஜையில் வைத்து, உள்ளங்கையால் இரண்டு தரம் நீவி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பிறகு மெல்லிய குரலில் வாய்விட்டு வாசிப்பார். ஏற்ற இறக்கமே இருக்காது. எந்த வார்த்தையில் குரல் தட்டுகிறதோ அங்கே பென்சிலை வைப்பார். திட்ட மாட்டார். "இந்த எடத்துல கல்லு கெடக்கு" என்பார், அவ்வளவுதான்.

அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. கீழிருந்து மேலாக ஆறேழு வார்த்தைகள், அவர் கையெழுத்தில். நான் சேர்ந்த முதல் வருடம் அந்தத் தாளைப் படித்ததிலேயே போயிற்று.

கீழ்ப்படியில் ரிக்ரெட். "மழ பெஞ்சதுக்கு வருத்தப்படுதோம்லா, அந்த மாதிரி. வருத்தம் உண்டு. ஆனா மழைய நாம பெய்ய வைக்கல" என்பார். அதற்கு மேல் டிஸப்பாயின்டட். எதிர்பார்த்தது வரவில்லை, அவ்வளவுதான். பஸ் வராததற்கும் சொல்லலாம், மருமகன் வராததற்கும் சொல்லலாம். யாரையும் நோக்கி விரல் நீளாது. அதற்கும் மேலே டிஸ்மேய்டு. கேட்டதும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்கிற நிலை. வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் எழுதினால் நம்ப மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். உச்சியில் அக்ரீவ்டு. எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது, நடத்தியவன் நீ என்று பொருள்.

தாளின் ஓரத்தில், படிவரிசையில் சேராமல், லெட் டவுன் என்று தனியாக எழுதி வட்டம் போட்டிருந்தார். நம்பியவனைக் கைவிடுவது. "இது வீட்டுக்குள்ள சொல்லுத வார்த்த. ஆபீஸ் கடுதாசில வந்தா, எழுதுனவன் அழுதுக்கிட்டே எழுதிருக்கான்னு அர்த்தம். அதப் பாத்தா நின்னு படிக்கணும்" என்றார்.

சாரி என்ற வார்த்தை அந்தத் தாளிலேயே கிடையாது. அது எனக்குத் தெரியாமல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், நனைந்த முந்திரி மூட்டைக்காக ஒரு வியாபாரிக்கு வெரி சாரி என்று எழுதி, பாக்கியநாதன் சார் பார்க்கும் முன்பே தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். நகலைப் பார்த்தவர் எழுந்து நின்றுவிட்டார். "சாரின்னா தப்பு நம்ம மேலன்னு ஒத்துக்கிட்டாச்சு. போய் எடுத்துட்டு வாரும்" என்றார். தபால் பெட்டியிலிருந்து எப்படி எடுப்பது? பெட்டியைத் திறக்க ஆள் வரும்வரை மத்தியான வெயிலில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். வந்தவரிடம் கெஞ்சியதில் அவர் தபால் அதிகாரியிடம் அழைத்துப்போனார், அங்கே ஒரு மனு எழுதிக் கொடுத்துக் கடிதத்தை வாங்கினேன். அந்த மனுவில் ரிக்ரெட் என்றுதான் எழுதினேன். கற்றுக்கொண்டுவிட்டேன்.

இந்த வார்த்தைகள் எழுதுவதற்கு மட்டும் இல்லை, வரும் கடிதங்களைப் பிரிப்பதற்கும் இவைதான் அளவு. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கதை இதில்தான் இருக்கிறது. எங்கள் மேஜையில் இரண்டு தட்டு, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. வந்த கடிதத்தில் டிஸப்பாயின்டட் அல்லது அதற்குக் கீழே உள்ள வார்த்தை இருந்தால் வெள்ளைத் தட்டு. நாங்களே ஒரு வாரத்துக்குள் இதமாகப் பதில் எழுதி பைலை மூடிவிடலாம். அக்ரீவ்டு என்றோ, உங்களையே பொறுப்பாக்குகிறேன் என்றோ இருந்தால் சிவப்புத் தட்டு. அன்றைக்கே வெளிநாட்டிலுள்ள கப்பல் கம்பெனிக்கும் இன்சூரன்ஸ்காரர்களுக்கும் போக வேண்டும். கப்பலின் அன்றாடக் குறிப்பேட்டின் நகலை வரவழைத்தே தீர வேண்டும். கேப்டன் எத்தனை மணிக்கு என்ன செய்தார் என்பது அதில் இருக்கும். எழுதியவர் கஷ்டம் பெரிதா சிறிதா என்று தட்டு பார்க்காது. வார்த்தையைத்தான் பார்க்கும்.

வேலை கைவந்த பிறகு எனக்கு ஊருக்குள் ஒரு பெயர் கிடைத்தது. மில்லர்புரத்தில் என் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆட்கள் வருவார்கள். வளைகுடாவில் முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லை என்று காயல்பட்டினத்திலிருந்து வருவார்கள், தூதரகத்துக்கு மனு எழுதித் தருவேன். ஒரு பைசா வாங்கியதில்லை. நான் வாங்கிக்கொண்டது வேறு. "சார் எழுதுனா கல்லும் கரையும்" என்று அவர்கள் சொல்வதைக் கேட்பதற்காக, எழுதி முடித்த பிறகும் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருப்பேன்.

பிரகாசி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு. புன்னைக்காயலில் காலைப் பூசை முடிந்து நேரே பஸ் ஏறி வந்திருந்தார். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, கையில் ஓலைப் பெட்டியில் விளமீன். முப்பது வயது இருக்காது. அவர் கணவர் மிக்கேல் சரக்குக் கப்பலில் டெக் வேலை பார்த்தவர். தூத்துக்குடியிலிருந்து வளைகுடாவுக்குப் போகிற வழியில், மூன்றாம் நாள் காலை ஆள் எண்ணியபோது அவர் இல்லை. கடலில் விழுந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஆழ்ந்த ரிக்ரெட்டோடு வீட்டுக்குக் கடிதம் வந்திருந்தது.

அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். அது எங்கள் ஆபீஸ் கப்பல். நான் எந்த ஆபீஸ் என்று பிரகாசிக்குத் தெரியாது, யாரோ இங்கிலீஷ் தெரிந்த சார் என்று கேள்விப்பட்டு வந்தவர். நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "அம்மா, நான் அந்த ஆபீஸ்காரன், என்னிடம் எழுத வேண்டாம்" என்று ஒரு வரி. சொல்லவில்லை. செல்வம் அதற்குள் மீன் பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோயிருந்தாள்.

"அண்ணாச்சி, சேர வேண்டிய பணம் வந்துட்டு. அதுக்கு நான் வரல" என்றுதான் தொடங்கினார். "அவரு இல்லன்னு தெரிஞ்ச பெறவு கப்பல் திரும்பிப் போச்சா? எம்புட்டு நேரம் தேடுனாவ? அத மட்டும் எழுதிக் கேளுங்க."

நான் குறித்துக்கொண்டேன்.

"எங்க ஊர்ல ஒருத்தன் கடல்ல தவறிட்டான்னா ஒரு வள்ளமும் தொழிலுக்குப் போவாது. அம்புட்டு வள்ளமும் தேடத்தான் போவும். சண்டக்காரன் வள்ளமும் போவும். எம் மாப்பிள்ள நல்லா நீந்துவாரு அண்ணாச்சி. ஒரு பகல் பூரா கடல்ல மெதந்து கெடப்பாரு. கப்பல் திரும்பி வந்திருந்தா ஆளு இருந்திருக்கும். வந்துச்சா, வரலியா?"

குழந்தை மேஜையிலிருந்த என் பேனா மூடியை எடுத்து வாயில் வைத்தது. அவர் அதைப் பிடுங்கித் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நம்பி அனுப்புனேன், நடுக்கடல்ல வுட்டுட்டுப் போயிட்டியன்னு எழுதுங்க. நான் சொல்லுதத அப்படியே எழுதுங்க."

லெட் டவுன். அக்ரீவ்டு. இரண்டு வார்த்தையும் எனக்குத் தயாராக இருந்தன. எனக்குத் தெரிந்த அத்தனை பேரிலும் அவர் சொன்னதைச் சரியாக ஆங்கிலத்தில் எழுதக்கூடியவன் நான் ஒருவன்தான். நான் டிஸப்பாயின்டட் என்று எழுதினேன்.

எனக்குக் கிடைத்த விவரங்கள் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லாததால் ஏமாற்றம் அடைந்துள்ளேன், தங்களுக்கு வசதிப்படும்போது மேற்கொண்டு ஏதும் தகவல் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். நான் எழுதியதன் சாரம் இதுதான். கப்பல் திரும்பியதா என்ற கேள்வியே அதில் கிடையாது. தேடினீர்களா என்பது கிடையாது. படித்தால் யாரோ ஒரு அம்மாள் லைப்ரரியில் கேட்ட புத்தகம் கிடைக்காததற்கு எழுதியது போல இருக்கும்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இந்த மூன்று வாரத்தில் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். கோபம் ஆங்கிலத்தில் அநாகரிகமாகத் தெரியும், பணிவாகக் கேட்டால் பதில் வரும் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அக்ரீவ்டு என்று எழுதினால் கடிதம் சிவப்புத் தட்டுக்குப் போகும், புன்னைக்காயல் பெண்ணுக்கு இந்த ஆங்கிலம் யார் எழுதிக் கொடுத்தது என்று விசாரணை வரும், பாக்கியநாதன் சார் ஓய்வு பெற்றால் அவர் நாற்காலி எனக்கு என்றிருந்தது தட்டிப்போகும். இது உண்மை. யாரும் என்னை மிரட்டவில்லை, கேட்டுக்கொள்ளவும் இல்லை. நானாகவே செய்தேன். 

"வாசிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி" என்றார். என் கையெழுத்து தெரியாமலிருக்க டைப் அடித்திருந்த ஆங்கிலத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதை அவருக்கே தமிழில் திருப்பிச் சொன்னேன். நம்பி அனுப்பினேன், நடுக்கடலில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள், கப்பல் திரும்பியதா, எவ்வளவு நேரம் தேடினீர்கள். ஒரு வார்த்தை விடாமல் தாளைப் பார்த்தே வாசித்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு கடிதத்தின் அடியில் தமிழில் பிரகாசி என்று கையெழுத்துப் போட்டார். நகல் ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் விளமீன் குழம்பு. நான் இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை அந்தக் கடிதம் ஆபீசுக்கு வந்தது. பிரிக்கிற வேலை என்னுடையது, வெள்ளைத் தட்டில் போட்டேன். பாக்கியநாதன் சார் எடுத்தார். உள்ளங்கையால் இரண்டு தரம் நீவினார். கண்ணாடியைத் துடைத்தார். வழக்கமான குரலில் வாசித்தார். எங்கேயும் தட்டவில்லை.

"கல்லே இல்ல" என்றார். பிறகு அடியிலிருந்த தமிழ்க் கையெழுத்தைப் பார்த்தார். "இந்த அம்மா இப்படியா பேசிருப்பாவ?"

"தெரியல சார்."

"யாரு எழுதிக் குடுத்திருப்பா?"

"தெரியல சார்."

அவர் கடிதத்தில் எந்தக் குறியும் போடாமல் மேஜையின் வலது மூலையில், என் கண்ணில் படும்படி வைத்தார். வியாழக்கிழமை அது அங்கேயே இருந்தது. வெள்ளிக்கிழமையும் இருந்தது. எந்தக் கடிதத்தையும் ஒரு நாளுக்கு மேல் அவர் அப்படி வைத்ததில்லை. நான் அவர் மேஜைக்குப் பத்து தரம் போய் வந்தேன், ஒவ்வொரு தரமும் அவர் தலைநிமிர்ந்து பார்த்தார். நான் வேறு பைலைப் பற்றிப் பேசினேன். சனிக்கிழமை காலை கடிதத்தை என்னிடம் நீட்டி, "சரி, பதில் எழுதும். உமக்குத்தான் லேசா இருக்கும்" என்றார்.

லேசாகத்தான் இருந்தது. தங்கள் ஏமாற்றத்தில் நாங்களும் முழுமையாகப் பங்குகொள்கிறோம், மேற்கொண்டு விவரம் எதுவும் எங்களிடம் இல்லாததற்கு ரிக்ரெட் செய்கிறோம். கால் மணி நேரத்தில் முடித்தேன். பைல் மூடப்பட்டது.

அதற்குப் பிறகு பாக்கியநாதன் சார் என் கடிதங்களில் சிவப்புப் பென்சில் வைக்கவே இல்லை. வாய்விட்டு வாசிப்பதையும் நிறுத்திவிட்டார். வாங்கி, கையெழுத்துப் போட்டு, திருப்பித் தருவார். இனி திருத்துவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறார் போலிருக்கிறது என எண்ணி நான் வீட்டில் வந்து செல்வத்திடம் பெருமையடித்தேன். அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார், நாற்காலி எனக்கு வந்தது. மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த தாளை அவர் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

பதிலை எடுத்துக்கொண்டு பிரகாசி மறுபடியும் என் வீட்டுக்கே வந்தார், வாசித்துச் சொல்வதற்கு. அவர்களுக்கும் வருத்தமாம், வேறு விவரம் இல்லையாம் என்றேன்.

"தேடுனியளான்னு கேட்டதுக்கு?"

"அதுக்குப் பதில் இல்லம்மா."

"கேட்டும் சொல்ல மாட்டேங்கானுவ பாருங்க" என்றார். அன்றைக்கும் மீன் கொண்டுவந்திருந்தார்.

நான் ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. இப்போது அந்த ஆபீசை நடத்துவது ஜமால் என்ற பையன். பையன் என்று நான்தான் சொல்கிறேன், நாற்பது வயது மனிதர், காயல்பட்டினத்துக்காரர், பணிவானவர். போன மாதம் அவர் என் வீட்டுக்கு வந்து, இனி கடிதங்களைக் கம்ப்யூட்டரே எழுதப் போகிறது என்றார். "பழைய லெட்டர் பூரா ஸ்கேன் பண்ணி அதுக்குக் குடுக்கோம் சார். படிச்சுட்டு அச்சு அசலா உங்கள மாதிரியே எழுதும். எந்த வார்த்தைய எங்க போடணும்னு ஒரு குறிப்பு மட்டும் நீங்க எழுதித் தரணும்." எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே சவரம் செய்துகொண்டு ஆபீசுக்குப் போனேன்.

சிறந்த கடிதங்கள் என்று அவர் தனியாக எடுத்து மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். அவற்றில் ஒரு பைலை விரித்துக் காட்டினார். "இது ரொம்ப அருமை சார். அந்த அம்மா எழுதுனதும் நல்லாருக்கு, நீங்க எழுதுன பதிலும் நல்லாருக்கு. ரெண்டும் ஒரே கை எழுதுன மாதிரி அப்படிப் பொருந்துது பாருங்க."

ஒரு மூடியும் அதன் டப்பியும் போல இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அடியில் தமிழில் பிரகாசி. பைலின் கடைசியில், அந்தப் பயணத்துக்கான என் பதிவேட்டுப் பக்கத்தின் நகலும் இருந்தது, என் கையெழுத்தில். ஆறாம் நாள் காலை துறை சேர வேண்டிய கப்பல், ஆறாம் நாள் காலை துறை சேர்ந்தது.

இதையும் சொல்லிவிட வேண்டும். இது எனக்கு இப்போது தெரிந்தது அல்ல. பிரகாசி என் வீட்டுக்கு வந்த அன்றைக்கே தெரியும். அந்த வரியை எழுதியவன் நான். ஒரு பகல் தேடிய கப்பல் ஒரு பகலாவது பிந்தி வரும். அரைப் பகல் தேடினால் அரைப் பகல் பிந்தும். அந்தக் கப்பல் ஒரு மணி நேரம்கூடப் பிந்தவில்லை. கப்பல் திரும்பவில்லை என்று என் மனதுக்குப் பட்டது. உறுதியாகத் தெரியாது, உறுதி குறிப்பேட்டில்தான் இருக்கும். அதை வரவழைக்க ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை என் பேனாவில் இருந்தது.

ஜமாலிடம் பைலை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை புன்னைக்காயலுக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்க சிரமம் இல்லை. கோயில் பக்கத்துத் தெருவில் கேட்டதும் காட்டினார்கள். பிரகாசிக்கு முடி நரைத்திருந்தது. இடுப்பில் இருந்த குழந்தை ஸ்டெல்லா இப்போது நர்ஸ், லீவில் வந்திருந்தாள். பிரகாசி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, மகளைக் கூப்பிட்டு, "ஏளா, இங்கன வா. உங்கப்பாவுக்காக எழுதிக் குடுத்தாவன்னு சொல்லுவேம்லா, அந்த அண்ணாச்சி இவுகதான்" என்றார். உள்ளே போய், மாதா படத்துக்குப் பின்னாலிருந்து நான் கொடுத்த நகலை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். "என் வாயில வந்தத ஒரு சொல்லு விடாம எழுதுனாவ. அவனுவதான் பதில் சொல்லல."

நான் ஸ்டெல்லாவிடம் கேட்டேன், அவள் படித்திருக்கிறாளா என்று. அவள் தரையைப் பார்த்தாள். படித்திருக்கிறாள். எத்தனை வருடமாகத் தெரியுமோ, அம்மாவிடம் சொல்லவில்லை.

நானே சொன்னேன். நான் அந்த ஆபீஸ்காரன் என்பதை முதலில் சொன்னேன். பிறகு உறைக்குள் இருந்த தாளை வரி வரியாக, இந்த முறை அதில் என்ன இருக்கிறதோ அதை, தமிழில் சொன்னேன். நாலே வரிதான். சொல்லி முடித்தபோது வெளியே மீன் ஏலக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

பிரகாசி கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்பம் நான் கேக்கவே இல்லியா?"

நான் கையிலிருந்த பைலை மடியில் வைத்தேன்.

"இருவத்திரண்டு வருசமா கேட்டும் சொல்லலன்னு அவனுவள ஏசிக்கிட்டு கெடக்கேன். பூசையில நின்னு ஏசுதேன். நான் கேக்கவே இல்லியா அண்ணாச்சி?"

"கேக்கலம்மா. நான் கேக்க விடல."

பதிவேட்டைப் பற்றியும் சொன்னேன், ஆறாம் நாள் காலை என்பதை. பிரகாசி திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா அம்மாவின் முதுகில் கை வைத்தாள், அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். நான் சாரி என்றேன். பாக்கியநாதன் சாரின் தாளில் இல்லாத அந்த வார்த்தை, அந்த முந்திரி மூட்டைக்குப் பிறகு ஒரு கடிதத்திலும் நான் எழுதாதது. அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

உறையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கப்பல் கம்பெனி இப்பம் இருக்கா?" என்று கேட்டார்.

பெயர் மாறியிருக்கிறது, கை மாறியிருக்கிறது, ஆனால் இருக்கிறது என்றேன். விலாசத்தை ஜமால் தேடித் தந்திருந்தார். பழைய குறிப்பேடுகளை வைத்திருப்பார்களா என்பது தெரியாது என்பதையும் சொன்னேன்.

"எழுதுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மரியாதை வார்த்தை எதுவும் போடவில்லை. என் கணவரை உங்களை நம்பி அனுப்பினேன். நடுக்கடலில் கைவிட்டுவிட்டுப் போனீர்கள். கப்பல் திரும்பியதா? எவ்வளவு நேரம் தேடினீர்கள்? அந்த நாளின் குறிப்பேட்டு நகலை அனுப்புங்கள். லெட் டவுன் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது, அப்படியே விட்டேன். முடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க வாசிக்காண்டாம்" என்றார் பிரகாசி.

தாளை என் கையிலிருந்து வாங்கி மகளிடம் கொடுத்தார். ஸ்டெல்லா தன் போனில் அதைப் படமெடுத்தாள், எதையோ இரண்டு இடத்தில் தொட்டாள். போன் அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாசிக்கத் தொடங்கியது. பாக்கியநாதன் சாரைப் போல ஏற்ற இறக்கமே இல்லாத குரல். பிரகாசி போனைக் காதோடு வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார். முடிந்ததும் மறுபடியும் ஒரு தரம் வைக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டார்.

"ஆமா" என்றார் மகளிடம். "இதத்தான் அன்னைக்குக் கேட்டேன்."